ஒலிபெருக்கியில் என் அம்மா

எங்கள் வீடு தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது. மேற்கிலிருந்து காற்று அடித்தால் குற்றாலத்தில் பேசுகிறவர் எங்கள் அடுக்களைக்குள் வந்து பேசுவார். காற்று திரும்பினால் தென்காசி பஸ் ஸ்டாண்டில் பேசுகிறவர் வருவார். தேர்தல் சமயத்தில் இரண்டு பேரும் ஒன்றாகவே வந்து சேர்வார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் கண்ணை மூடிப் படுத்திருப்பேன். ஒருவருடைய 'உங்கள் பொன்னான' என்பதும் இன்னொருவருடைய 'அயோக்கியர்களை' என்பதும் காற்றில் ஒட்டிக்கொண்டு ஒரே வாக்கியமாகக் காதில் விழும். அரைத் தூக்கத்தில் அது சரியான வாக்கியம் மாதிரியேதான் இருக்கும்.

நான் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பேச்சுப் போட்டி என்றால் நடுவர் நாற்காலியில் என்னைத்தான் உட்கார வைப்பார்கள். கருத்துக்கு இவ்வளவு, குரலுக்கு இவ்வளவு, உணர்ச்சிக்கு இவ்வளவு என்று போட்டுப் போட்டு அதுவே புத்தியாகிவிட்டது. வேலை போன பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. தெருமுனையில் பிரச்சார வேன் வந்து நின்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். "நடுவரம்மா கிளம்பியாச்சு, இன்னைக்கு யாரு பெயிலோ" என்பார் என் வீட்டுக்காரர். பெரும்பாலும் பெயில்தான். எனக்கு ஓட்டுப் போடுவதைவிட மார்க் போடுவதில்தான் ருசி அதிகம்.

கேட்டுக் கேட்டு எனக்கென்று சில கணக்குகள் உண்டாகிவிட்டன. 'தாய்மார்களே' என்பதை ஒருவர் எவ்வளவு நீட்டுகிறாரோ, அவ்வளவுக்குப் பின்னால் வரும் சரக்கு குறைவு. 'செய்தார்களா?' என்று கேட்டுவிட்டுக் காதில் கை வைத்து நிற்கிறவரிடம் உஷாராக இருக்க வேண்டும். இரண்டு தடவை 'இல்லை' சொல்லிப் பழகிய கூட்டம் அதற்குப் பிறகு கேள்வியைக் கேட்பதே கிடையாது. 'உங்களுக்கு நல்ல ரோடு வேண்டுமா?' என்றதற்கும் 'இல்லை' என்று தொண்டை கிழியக் கத்திய தெரு ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். சாரல் விழுந்தால் 'வானமே வாழ்த்துகிறது' என்று சொல்லாத பேச்சாளர் இந்தப் பக்கம் யாருமில்லை. அதே தெருவுக்கு அடுத்து வருகிற எதிர்க்கட்சிக்காரரும் அதையேதான் சொல்வார். எங்கள் ஊர் வானம் எல்லாக் கட்சிக்கும் பொது.

அழுகை விஷயத்தில்தான் நான் ரொம்பக் கறார். நிஜமாகவே தொண்டை அடைத்துப்போனவனுக்கு மைக் பிடிக்காத கையை என்ன செய்வதென்று தெரியாது. அது வேட்டியைப் பிடிக்கும், காதைத் தேய்க்கும், ஒன்றுமில்லாமல் தொங்கும். பழகிய அழுகை என்றால் அந்தக் கை நேராகத் தோள் துண்டுக்குப் போகும். கூட்டத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்றால், இடுப்பில் பிள்ளை வைத்திருக்கிற பெண்களை. பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் பேச்சு காற்றோடு போகிறது என்று அர்த்தம். மாற்ற மறந்து நின்றுவிட்டால் உள்ளே இறங்கிவிட்டது.

இந்தக் கணக்குகளோடுதான் என் அண்ணன் பேச்சையும் கேட்கப் போனேன்.

அண்ணன் வாலிபத்திலேயே மும்பைக்குப் போய் அங்கேயே கடை வைத்துக் குடும்பமும் ஆனவன். அம்மா என்னோடு இருந்தாள். போன வருஷம் அம்மா இறந்தபோது காரியத்துக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. கடையை மகனிடம் விட்டுவிட்டேன் என்றான். சுரண்டை ரோட்டில் எங்கள் பூர்வீக ஊர் இருக்கிறது. அங்கே பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து வெள்ளையடித்துக் குடியேறினான். இந்த வருஷம் உள்ளாட்சித் தேர்தல் வந்ததும் 'மும்பை அண்ணாச்சி நின்னா என்ன' என்று யாரோ பற்றவைத்தார்கள். ஒன்றியக் கவுன்சிலர் பதவிக்குச் சுயேச்சையாக நின்றுவிட்டான். சின்னம் பூட்டு சாவி.

"நீதான் பெரிய ஜட்ஜாச்சே. கூடவே வந்து நான் எப்படிப் பேசுதேன்னு பாத்துச் சொல்லுட்டி" என்றான். எனக்கும் ஆசைதான். வெளியிலிருந்தே பார்த்தவளுக்கு வேன் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்த வாய்ப்பு.

அம்மா எப்படிப் போனாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காலையில் அடுக்களையில் சரிந்துவிட்டாள். தென்காசியில் பார்த்துவிட்டு உடனே திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்சில் அவளோடு நான் ஏறிக்கொண்டேன், என் வீட்டுக்காரர் பின்னால் காரில் வந்தார். வண்டி குலுங்கக் குலுங்க அவள் தலை ஆடாதபடி என் மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆலங்குளம் தாண்டியதும் அம்மா கண்ணைத் திறந்தாள். "ஏட்டி, அடுப்புல பால் வச்சேனே, எறக்குனியா?" என்றாள். "எறக்கிட்டேம்மா" என்றேன். அதற்குப் பிறகு அதிகம் ஒன்றுமில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். திருநெல்வேலி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாயந்தரம் வீட்டுக்கு வந்தபோது பால் பாத்திரம் கருகிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி வாடை தாங்காமல் வந்து அடுப்பை அணைத்திருக்கிறாள்.

அண்ணன் அந்த நேரத்தில் மும்பை ஏர்போர்ட்டில் நின்றுகொண்டிருந்தான். போனில், "எங்கன வச்சுட்டி உயிரு போச்சு?" என்று மட்டும் கேட்டான். "ஆலங்குளம் தாண்டி" என்று சொன்னேன்.

அதற்குமேல் நான் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் 'நிம்மதியாப் போனா' என்றதோடு சரி. அம்மாவின் சேலைகளையும் சொந்தக்காரப் பெண்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஆம்புலன்ஸ் பயணம் ஒன்றுதான் எனக்கே எனக்கென்று இருந்தது. மத்தியானத் தூக்கத்தில் அவள் குரல் அப்படியே வரும். பாலைப் பற்றித்தான் கேட்பாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அண்ணனுடைய முதல் சில நாள் பேச்சு படுமோசம். வேனில் ஏறி நின்று சாக்கடை, மேல்நிலைத் தொட்டி, சுடுகாட்டுப் பாதை என்று வரிசையாகச் சொல்லுவான். சொன்னதெல்லாம் சரியான விஷயம். சரியான விஷயம் என்பதாலேயே யாரும் நின்று கேட்கவில்லை. பெண்கள் பிள்ளைகளை இடுப்பு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அவனுக்கு முன்னால் பேசிக் கூட்டம் சேர்ப்பதற்கு ஒரு பேச்சாளர் உண்டு. கணீர்க்குரல், எல்லாக் கட்சிக்கும் பேசிப் பழகியவர். அவர் சேர்த்து வைத்த கூட்டத்தை அண்ணன் பத்து நிமிஷத்தில் கலைத்துவிடுவான். "எத்தன மார்க்குட்டி?" என்று வேனிலிருந்து இறங்கியதும் கேட்பான். "கருத்துக்கு மட்டும் போட்டிருக்கேன்" என்பேன். அவனும் சிரிப்பான்.

ஒரு சாயந்தரம், சூரியகாந்தி அறுத்து வெறுமையாகக் கிடந்த காடுகளைத் தாண்டி ஒரு ஊரில் வேன் நின்றது. மலையில் மேகம் இறங்கி, தெரு முழுக்க ஈரப்புகை மாதிரி சாரல் நின்றது. அது விழுகிறதா மிதக்கிறதா என்றே தெரியவில்லை. விளக்குகளை முன்னாலேயே போட்டுவிட்டார்கள். அண்ணன் சுடுகாட்டுப் பாதையைப் பற்றி ஆரம்பித்தான். பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டான். எதிர் வீட்டு வாசலில் ஒரு வயதான அம்மாள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றதையே பார்த்தான். வலது கையில் மைக், இடது கை வேட்டியைக் கொத்தாகப் பிடித்திருந்தது.

"எங்கம்மாவும் இப்பிடித்தான் முக்காடு போட்டுக்கிட்டு நிப்பா" என்றான். குரல் ஸ்பீக்கரில் உடைந்து வந்தது. "மும்பையில இருந்து ஓடி வந்தேன். எங்கம்மா தலைய என் மடியில எடுத்து வச்சுக்கிட்டேன். ஆலங்குளம் தாண்டுது வண்டி. கண்ணத் தொறந்து பாத்தா. 'ஏலே, இனிமே ஊர விட்டுப் போவாதலே, இங்கனயே இரு'ன்னு சொன்னா. என் மடியிலதான் உயிர விட்டா."

தெரு அப்படியே நின்றது. பிள்ளை வைத்திருந்த ஒருத்திகூட அசையவில்லை. அந்த வயதான அம்மாள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் அழுதேன். அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். பொய் என்று அந்தக் கூட்டத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும், எனக்கும் கண்ணீர் வந்தது. அதுவும் 'ஆலங்குளம்' என்ற இடத்தில்தான் வந்தது. நான் கொடுத்த ஒரே உண்மையை அவன் அத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். நடுவராக இருந்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன்.

வேனிலிருந்து இறங்கியதும் அவன் மார்க் கேட்கவில்லை, என் பக்கம் திரும்பவுமில்லை. கணீர்க்குரல்காரர்தான் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, இத இத்தன நாளா எங்கன ஒளிச்சு வச்சிருந்திய? இனிமே சாக்கடையத் தொடாதிய. அம்மா போதும், கரையேத்திருவா" என்றார்.

மறுநாளிலிருந்து அம்மா ஊர் ஊராகச் சாக ஆரம்பித்தாள்.

ஒரு தெருவில் 'ஊர விட்டுப் போவாத' என்றாள். அடுத்த தெருவில் 'ஊர்ச் சனத்தைப் பாத்துக்கோ' என்றாள். கணீர்க்குரல்காரர் சும்மா இருப்பாரா? அண்ணன் ஏறுவதற்கு முன்னால் தன் பங்குக்கு அவரும் சேர்த்தார். அந்தத் தாய் கடைசி மூச்சில் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து மகன் கையில் வைத்து மூடினாளாம். "அந்தச் சாவிதான் அன்புத் தாய்மார்களே, இன்னைக்கு உங்க ஓட்டுச் சீட்டுல நிக்கிது!" என்றார். கைதட்டல் அள்ளிக்கொண்டு போனது. எங்கள் அம்மாவுக்கும் சாவிக்கும் ஏழாம் பொருத்தம். பீரோ சாவியைத் தொலைத்துத் தொலைத்து, கடைசியில் பீரோவைப் பூட்டுவதையே விட்டுவிட்டவள் அவள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

இதையெல்லாம் ஒரு வேடிக்கை என்று நினைத்து உதறிவிட்டிருப்பேன். ஆனால் மத்தியானங்களில் ஒன்று நடக்கத் தொடங்கியது. படுத்துக் கண்ணை மூடினால் ஆம்புலன்ஸ் வரும். உள்ளே அண்ணன் உட்கார்ந்திருப்பான். அம்மா தலை அவன் மடியில் இருக்கும். நான் ஆலங்குளம் ரோட்டோரம் சாரலில் நின்று வண்டி போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓடிப்போய்க் கதவைத் தட்ட வேண்டும் என்று தோன்றும், கால் நகராது. அம்மா வாயைத் திறப்பாள். பாலைக் கேட்கப் போகிறாள் என்று காத்திருப்பேன். அவள் இடுப்பைத் தடவிச் சாவியைத் தேடிக்கொண்டிருப்பாள்.

விழித்த பிறகும் அது தெளியவில்லை. அம்மா 'எறக்குனியா' என்றாளா, 'எறக்கியாச்சா' என்றாளா? முந்தின மாதம் கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். இப்போது இரண்டும் சரி மாதிரி இருந்தது. அவள் குரலை நினைத்தால் கடைசியில் ஸ்பீக்கரின் கொரகொரப்போடுதான் வந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. நகை களவு போனால் எங்கேயாவது இருக்கும் என்ற நினைப்பாவது மிஞ்சும். இது என் கண் முன்னாலேயே, நானே நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே கரைந்துகொண்டிருந்தது.

பிரச்சாரம் முடிவதற்கு முந்தின நாள் காலையில் அண்ணனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "அருவியில ஒரு குளி போட்டா சரியாப் போயிரும், வாறியாட்டி?" என்று கார் எடுத்துக்கொண்டு வந்தான். ஐந்தருவிக்குப் போனோம். வெள்ளம் குறைந்து, குளிக்க விட்டிருந்தார்கள். அவன் ஆண்கள் பக்கம் போனான், நான் பெண்கள் பக்கம் போனேன்.

அருவிக்கு அடியில் யாரும் பேச முடியாது. பக்கத்தில் நிற்கிறவள் வாய் அசைவது தெரியும், சொல் காதுக்கு வராது. இத்தனை நாள் காதுக்குள் சேர்ந்த எல்லாப் பேச்சும் இந்தத் தண்ணீரில் கழுவிக்கொண்டு போனால் அம்மா மட்டும் மிஞ்சுவாள் என்று நினைத்துத்தான் தலையைக் கொடுத்தேன். தலையில் தண்ணீர் இடித்துக்கொண்டே இருந்தது. கண்ணை மூடினால் உள்ளே ஒரே வெள்ளை. அம்மா வரவில்லை. அண்ணனும் வரவில்லை, சாவியும் வரவில்லை. அந்த வெள்ளைக்குள் கொஞ்ச நேரம் யாருமே இல்லாமல் நின்றேன். இறந்துபோனது நான்தானோ என்றுகூட ஒரு கணம் இருந்தது. பின்னால் நின்ற பெண் தோளைத் தட்டி வழி கேட்ட பிறகுதான் வெளியே வந்தேன்.

ஈரத்தலையோடு ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்தோம். பக்கத்தில் சிப்ஸ் போடுகிற எண்ணெய் வாசனை அடித்தது. கூரை மேல் குரங்கு ஒன்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. இனிமேலும் பொறுக்க முடியாது என்று நான் ஆரம்பித்துவிட்டேன்.

"அண்ணே, அம்மா உன் மடியில போகல."

அவன் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்" என்றான்.

"சாவியும் குடுக்கல."

"சாவி அவரு சேத்தது. எனக்கும் பிடிக்கல."

"பின்ன ஏன் சொல்லுத? ஓட்டுக்குத்தானா?"

டீயை ஒரு மடக்குக் குடித்தான். பிறகு கட்டிய தொண்டையோடு மெதுவாகச் சொன்னான். "மொத நாளு எப்படி வந்துதுன்னே தெரியாது. வாயில வந்துட்டு. ஆனா ஏட்டி, சொல்லும்போது நான் அங்கன இருந்தேன். வண்டி குலுங்குது. அம்மா தலை கனக்கு. மைக்கக் கீழ வச்ச ஒடனே மறுபடியும் அந்த ஏர்போர்ட்டுலதான் நிக்கேன். கையில பெட்டிய வச்சுக்கிட்டு, உன் போன காதுல வச்சுக்கிட்டு. அதான் அடுத்த தெருவுக்கு ஓடுதேன்."

எனக்கு அவன் மேல் கோபமும் பரிதாபமும் ஒரே நேரத்தில் வந்தன. கோபம்தான் முந்தியது. "நீ அங்கன இருக்க இருக்க, நான் இல்லாமப் போறேண்ணே. எனக்கு அம்மா குரலே மறந்துகிட்டு வருது. கண்ண மூடினா நீதான் உக்காந்திருக்க. நான் ரோட்டுல நிக்கேன்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவன் திடுக்கிட்டுப் போனான். அவன் அதை நினைத்தே பார்த்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அப்ப சரி. இனிமே சொல்லல" என்றான். உடனே சொன்னான், யோசிக்கவே இல்லை. பிறகு கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "கடைசியா என்னதாம்ட்டி சொன்னா?" என்று கேட்டான்.

"சொல்ல மாட்டேன்" என்றேன். அவன் மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் சாயந்தரத்தோடு பிரச்சாரம் முடிகிறது. கடைசிக் கூட்டம் எங்கள் பூர்வீக ஊரிலேயே, கோயில் முக்கில். சாரல் தூறிக்கொண்டிருந்தது. சாயங்கால வெளிச்சம் மஞ்சளாக நனைந்து தெருவில் படிந்து கிடந்தது. குடை பிடித்துக்கொண்டும் முக்காடு போட்டுக்கொண்டும் நல்ல கூட்டம். அக்கம்பக்கத்து ஊர்களில் கேட்டவர்கள்கூட மறுபடி கேட்க வந்திருந்தார்கள். எதைக் கேட்க வந்திருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் ஏறினான். சாக்கடை என்றான், தொட்டி என்றான். கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது. தொட்டியும் முடிந்து சுடுகாட்டுப் பாதை வந்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா, "அண்ணாச்சி, அம்மா கதையச் சொல்லும்!" என்று கத்தினாள். "சாவி குடுத்ததச் சொல்லுங்க" என்றாள் இன்னொருத்தி.

"அது இன்னைக்கு வேண்டாம்" என்றான் அண்ணன்.

"ஏன் வேண்டாம்? அதுக்குத்தானே வேலையப் போட்டுட்டு வந்தோம்."

அவன் மறுபடியும் சாக்கடைக்குப் போனான். பிள்ளைகள் இடுப்பு மாறத் தொடங்கின. குடைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. நான் கூட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவனைப் பார்த்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். நேரத்தில் வராத விமானத்துக்குக் காத்திருக்கிறவன் முகம் அது.

விட்டால் கூட்டம் போய்விடும் என்று கணீர்க்குரல்காரர் மைக்கை வாங்கினார். "அண்ணாச்சிக்குத் துக்கம் தொண்டைய அடைக்கிது. அந்தத் தாய் பெத்த மகள் இங்கனதான் நிக்காங்க. கண்ணால பாத்தவங்க. அவங்களே சொல்லட்டும்!" என்று என்னைக் கை காட்டினார். திரும்பிய குடைகள் மறுபடி திரும்பின. நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். அதற்குள் யாரோ கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். அண்ணன் எனக்கு இடம் விட்டு இறங்கிக் கீழே நின்றான்.

வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் பேச்சுக்கு மார்க் போட்டவள், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த உயரத்திலிருந்து கூட்டத்தைப் பார்த்தேன். முகங்கள் தெரியவில்லை. சாரலும் வெளிச்சமும் கலந்து எல்லாம் ஒரே மஞ்சளாக இருந்தது. ஒரு வரியில் முடித்துவிடலாம். அம்மா என் மடியில்தான் போனாள், அண்ணன் அங்கே இல்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கீழே அண்ணன் தெரிந்தான். பயந்துபோய் நிற்பான் என்று நினைத்தேன், பயப்படவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறவன் உள்ளேயிருந்து வருகிற டாக்டரைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கம்மா சாவியெல்லாம் குடுக்கல" என்றேன். என் குரல் ஸ்பீக்கரில் யாருடையதோ மாதிரி கேட்டது. "அவளுக்குச் சாவி வைக்கிற பழக்கமே கிடையாது. ஊரப் பாத்துக்கோன்னும் சொல்லல."

கூட்டத்தில் சலசலப்பு. கணீர்க்குரல்காரர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"ஆனா எங்கண்ணன் மடியிலதான் போனா. வண்டி ஆலங்குளம் தாண்டுன ஒடனே கண்ணத் தொறந்தா. 'ஏலே, அடுப்புல பால் வச்சேனே, எறக்குனியா?'ன்னு அவனத்தான் கேட்டா. 'எறக்கிட்டேம்மா'ன்னு அவன்தான் சொன்னான். நான் அங்கன இல்ல. நான் பின்னால கார்ல வந்தேன்."

அவ்வளவுதான் பேசினேன். யாரும் அழவில்லை. ஒன்றிரண்டு பெண்கள் சிரித்தார்கள். "பாலா?" என்று ஒருத்தி பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். கணீர்க்குரல்காரர் மைக்கைப் பிடுங்கி 'பூட்டு சாவி, பூட்டு சாவி' என்று கத்த ஆரம்பித்தார். கூட்டம் கலையத் தொடங்கியது. தேர்தல் பேச்சு என்று பார்த்தால் அதைவிட மோசமான பேச்சு இருக்க முடியாது. கீழே அண்ணன் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். தோள் இரண்டும் குலுங்கின. முன்வரிசை அம்மா ஓடிவந்து தன் குடையை அவன் தலைக்கு மேல் பிடித்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவன்தான் கார் ஓட்டினான். மைக் சத்தம் எல்லா ஊரிலும் நின்றுபோயிருந்தது. வைப்பர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மலை இருக்கிற திசையே தெரியாமல் மேகம் மூடியிருந்தது. எனக்குள் தேடிப் பார்த்தேன். ஆம்புலன்ஸ் இருந்தது. உள்ளே நான் இல்லை. வலிக்கும் என்று எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கவில்லை, ஆனால் வலித்தது.

தென்காசி விளக்குகள் தெரிய ஆரம்பித்ததும் அண்ணன் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"ஏட்டி, நான் எறக்கிட்டேன்னு சொன்னதுக்கு அம்மா என்ன சொன்னா?"

"சரின்னு சொன்னாண்ணே" என்றேன்.